படத்தின் மேல் படம்: கடைக்காரர்களும் அறிய வேண்டிய 'லேயர்' வித்தை

தலைப்பைப் பார்த்ததும், "மளிகைக் கடைக்காரனுக்கும் கம்ப்யூட்டரில் படம் ஒட்டும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கடைத் திறப்பு விழா அழைப்பிதழ், தீபாவளி நோட்டீஸ், மே 5 வணிகர் தினத்துக்கு வைக்கும் பேனர், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டர், காலமான உறுப்பினருக்கு ஒட்டும் கண்ணீர் அஞ்சலி, இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப் பட்டியல் என்று எல்லாமே பல படங்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்படுபவைதான். வருடத்துக்கு நாம் இதற்குச் செலவிடும் பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்தும் பார்க்கிற நாம், இந்த வேலையில் என்ன வாங்குகிறோம் என்று பார்ப்பதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இதே வித்தையை வைத்துத்தான் சிலர் நம் கடையில் பணம் கொடுக்காமல் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விழா மலரில் வந்த சிக்கல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி வணிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு விழா மலர் கொண்டுவந்தோம். முதல் பக்கத்தில் போட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. நெய்வேலியில் ஆரம்ப காலத்தில் கடை வைத்தவர்கள் ஒன்பது பேர் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் முன்னால் நின்று பாடுபட்ட ஒரு பெரியவர் அதில் இல்லை. படம் எடுத்த அன்று அவர் கொள்முதலுக்காக வெளியூர் போயிருந்தார்.

அவருடைய மகன், "அப்பா இல்லாத மலரா?" என்று வருத்தப்பட்டார். வீட்டிலிருந்து ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மலர் வடிவமைத்த தம்பி அரை மணி நேரம்தான் எடுத்துக்கொண்டார். பத்தாவது நாற்காலி வந்துவிட்டது, அதில் பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்! வெளிச்சமும் நிழலும் மங்கலும் எல்லாம் பொருந்திவிட்டன. குடும்பத்தார் கண்கலங்கினார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

புரூஃப் பார்க்க வந்த மூத்த வணிகர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லையே. இன்றைக்கு அதைச் சொல்ல நான் ஒருத்தன் இருக்கிறேன். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் நாம் சொல்வதை நம்புவார்களா, படத்தை நம்புவார்களா?"

யாரும் பேசவில்லை. கடைசியில் பழைய படத்தை உள்ளபடியே போட்டோம். பெரியவர் படத்தை அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் செய்தபடி மேல் மூலையில் தனியாக ஒரு வட்டத்துக்குள் வைத்து, அவர் தொண்டினை நாலு வரியில் கீழே எழுதினோம். மகனுக்கு முதலில் மனத்தாங்கல்தான். மலர் வெளிவந்த பிறகு, "வட்டத்துக்குள் தனியாக இருப்பதும் ஒரு கௌரவம்தான்" என்று அவரே சொன்னார்.

அன்றுதான் எனக்கு இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. கடை சாத்திய பிறகு சில நாட்கள் அந்தத் தம்பியின் கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கும் விளங்கும்.

சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

லேயர் என்றால் அடுக்கு. நெய்வேலிக்காரர்களுக்கு அடுக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே மண், அதன் கீழே களிமண்ணும் மணற்பாறையும், அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரி. மேலே நின்று பார்த்தால் மண் மட்டும்தான் தெரியும். 1957 மே 20 அன்று நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். மேலடுக்குகளை எல்லாம் வெட்டி அகற்றி, நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். நான்கு வருடம் மேலடுக்கை அகற்றிய பிறகுதான் கீழே இருப்பது தெரிந்தது.

கம்ப்யூட்டரில் படம் சேர்ப்பதும் இப்படித்தான். ஒரு படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒரு மனிதர் உருவம் மட்டும் ஒட்டியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெறும் கண்ணாடி. மேலிருந்து பார்த்தால் அந்த மனிதர் கீழ்ப் படத்திலேயே நிற்பது போலத் தெரியும். அதற்கு மேல் இன்னொரு தாளில் எழுத்து, இன்னொன்றில் பூமாலை, இன்னொன்றில் கடைச் சின்னம். இப்படி எத்தனை தாள் வேண்டுமானாலும் அடுக்கலாம். எந்தத் தாளையும் தனியே நகர்த்தலாம், மறைக்கலாம், கீழே உள்ளதை மேலே கொண்டுவரலாம். மற்றத் தாள்களுக்கு ஒரு சேதமும் வராது. லேயர் என்பது இவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு முன்பே உண்டு

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. ஸ்வீடனில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த ரைலாண்டர் என்ற புகைப்படக்காரர் 1857ஆம் ஆண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படம் ஆக்கினார். அதைச் செய்து முடிக்க அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. மான்செஸ்டர் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தப் படத்தின் ஒரு பிரதியை விக்டோரியா மகாராணியார் விலை கொடுத்து வாங்கினார்.

நம் பக்கத்துக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் ஒரே நடிகர் இரண்டு பேராக எதிரெதிரே நின்று பேசுவதற்கு, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை படம் பிடித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொருமுறை படம் பிடிப்பார்கள். கேமரா நூலளவு அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இது நடந்திருக்கிறது. பழைய வீடுகளில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படமே இருக்காது. அவர்கள் காலமான பிறகு இரண்டு படங்களைக் கத்தரித்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் சரிசெய்து, அதை மறுபடி படம் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். என் வீட்டுக் கூடத்தில் தொங்குவதும் அப்படிப்பட்ட படம்தான்.

காலண்டரும் அடுக்கு வேலைதான். கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் வரைந்த சாமி படங்களைச் சிவகாசியில் அச்சடிக்கும்போது கீழே கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் நம் கடைப் பெயரைப் பிறகு தனியாக அச்சடித்துத் தருவார்கள். ஒரே முருகன் படம், கீழே நூறு கடைப் பெயர். ஆப்செட்டில் வண்ணப் படம் அச்சடிப்பதே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிப்பதுதான். ஒரு தகடு கொஞ்சம் விலகினால் அம்மன் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கம்ப்யூட்டரில் இந்த வேலைக்குப் பெயர் பெற்ற போட்டோஷாப்பை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள். அவர்களுடைய தந்தையார் வீட்டின் கீழ்த் தளத்தில் இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். தாமஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1987இல், திரையில் கறுப்பு வெள்ளைப் படம் காட்டுவதற்காக எழுதிய சிறு நிரல்தான் ஆரம்பம். அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது லேயர் கிடையாது. ஒன்றை ஒட்டி வைத்துவிட்டால் கீழே இருந்தது போனது போனதுதான். சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. அதன் பிறகே இந்தத் தொழில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பரவியது.

வேலை நடக்கும் விதம்

முதலில் பின்னணிப் படத்தைத் திறக்கிறார்கள். அது அடித்தளம். அடுத்து, சேர்க்க வேண்டிய ஆளின் படத்தைத் திறந்து, உருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்தெடுக்கிறார்கள். முன்பு இதற்கு மணிக்கணக்காகும். இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் பெரும்பாலும் தானே பிரித்துவிடுகிறது. தலைமுடியும் சேலை முந்தானையும்தான் இன்னும் தகராறு செய்கின்றன. பிரித்த உருவத்தைப் புதிய அடுக்கில் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நல்ல வேலைக்காரர் வேண்டாத பகுதியை அழிக்க மாட்டார், மறைப்பார். இதற்கு 'மாஸ்க்' என்று பெயர். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும். தவறாக மறைத்துவிட்டால் மறுபடி வெள்ளை பூசி மீட்டுக்கொள்ளலாம். கடையில் சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்கும் தூக்கி எறிவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பிறகு அளவு, வெளிச்சம், நிறம் ஆகியவற்றைக் கீழ்ப் படத்தோடு பொருத்துகிறார்கள். அடுக்கின் அடர்த்தியைக் குறைத்தால் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போலக் கீழே உள்ளதும் மங்கலாகத் தெரியும். அஞ்சலி போஸ்டரில் பின்னால் கோயில் கோபுரம் மங்கலாகத் தெரிகிறதே, அது இப்படித்தான். அடுத்து நிழல். ஆளுக்கும் தரைக்கும் இடையே நிழலுக்கென்று தனி அடுக்கு வேண்டும். நிழல் இல்லாவிட்டால் மனிதர் தரையில் நிற்காமல் மிதப்பார். கடைசியாக எழுத்து அடுக்கு.

எல்லாம் முடிந்த பிறகு சேமிப்பதில் இரண்டு விதம் உண்டு. அடுக்குகள் தனித்தனியாக இருக்கும்படி பிஎஸ்டி என்ற வகையில் சேமிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி ஜேபெக் என்ற வகையிலும் சேமிக்கலாம். ஜேபெக் ஆனபின் அடுக்கு கிடையாது. இட்லி மாவு ஆட்டின பிறகு அரிசியையும் உளுந்தையும் பிரிக்க முடியுமா?

ஆர்டர் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று: அடுக்குள்ள பைலைக் கேட்டு வாங்கி வையுங்கள். இந்த வருடத் தீபாவளி நோட்டீஸில் தேதியையும் விலையையும் மாற்றினால் அடுத்த வருடத்துக்கு ஆகிவிடும். பைல் இல்லையென்றால் முழு வேலைக்கும் மறுபடி கூலி கொடுக்க வேண்டும். பைலும் தர வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் வீண் மனக்கசப்பு.

இரண்டு: நல்ல படமாகக் கொடுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. நாலுக்கு ஆறு அங்குலப் படம் என்றால் 1,200க்கு 1,800 புள்ளி. ஏ4 தாள் முழுக்க என்றால் ஏறத்தாழ 2,480க்கு 3,508. இன்றைய செல்போன் கேமராவில் எடுத்த படத்தில் இது தாராளமாக இருக்கும். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடுகிறது. 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டியதில்லை, குறைவாக இருந்தாலும் போதும்.

மூன்று: திரையில் பார்த்த நிறம் தாளில் வராது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. தாள் மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் சற்று மங்கித்தான் வரும். பெரிய ஆர்டர் என்றால் தாளில் ஒரு மாதிரி அடித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

நான்கு: தமிழ் எழுத்து. நாம் செல்போனில் அடிப்பது யூனிகோடு. பல அச்சு வேலை நிலையங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், சில இடத்தில் கட்டம் கட்டமாகவும் வரும். ஆகவே படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கடைப் பெயர், போன் நம்பர், தேதி, கிழமை ஆகிய நான்கையும் வேறொருவரை விட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

ஐந்து: பிள்ளைகள் வீட்டில் கற்றுக்கொள்ள விரும்பினால் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. போட்டோஷாப் இப்போது சந்தா முறையில் கிடைக்கிறது. அதே வேலைக்கு 'கிம்ப்' என்ற மென்பொருள் இலவசம். அதுவும் கலிபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்து 1996இல் வெளியிட்டது. லேயர், மாஸ்க் எல்லாம் அதிலும் உண்டு. திருட்டுப் பிரதியை ஏற்றிக் கணக்குப் பைல்களுக்கு வைரஸ் வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது

ஒட்ட முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒட்டிவிட முடியாது. மகாத்மா காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி, பிரதமர் ஆகியோரின் பெயரையோ படத்தையோ மத்திய அரசின் அனுமதியின்றி வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சரக்கு விளம்பரம் இல்லாமல், தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் போட்ட காலண்டருக்கு அதில் விலக்கு உண்டு. நான்கு சிங்கச் சின்னத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

நடிகர் படத்தை இணையத்திலிருந்து எடுத்து நம் கடை எண்ணெய் டின்னைக் கையில் கொடுத்துவிடுவதும் ஆபத்து. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்த் அவர்கள் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் படத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. படத் தயாரிப்பாளருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு? இணையத்தில் கிடக்கும் படம் தெருவில் கிடக்கும் கல் அல்ல. எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. நம் சரக்கை நம் செல்போனிலேயே பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்வதுதான் உத்தமம்.

நம் சரக்கின் படத்திலும் யோசிக்க வேண்டும். பண்ருட்டி முந்திரிப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 240, 320 என்று நம்பர் சொல்கிறோமே, அது ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ இத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. நம்பர் குறையக் குறையப் பருப்பு பெரியது, விலையும் பெரியது. நோட்டீஸில் 240 முழுப் பருப்பின் படத்தை வைத்து, கீழே உடைசல் பருப்பின் விலையை ஒட்டினால் படமும் உண்மை, விலையும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்! 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும், தயாரிப்பாளருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடவும் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சொந்தப் பெயரில் பாக்கெட் போடும் நம்மவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒருமுறை ஏமாந்த வாடிக்கையாளர் திரும்பி வருவாரா?

நான் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்து யாராவது பணம் கொடுப்பார்களா? அல்லது நடந்தது இதுதான் என்று நம்பிவிடுவார்களா? இரண்டும் இல்லையென்றால் தாராளமாக ஒட்டலாம். அப்பா அம்மா படத்தைச் சேர்த்துக் கூடத்தில் மாட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டில் ஒன்று இருந்தாலும் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் கல்லாவுக்கு வரும் லேயர்

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் ஒரு திங்கட்கிழமை வந்து, "ஐயா, இந்த வாரம் பாக்கியில் கொஞ்சம் குறைத்துத்தான் தர முடியும்" என்றார். ஒரு வருடமாக நாள் தவறாதவர். என்னவென்று கேட்டேன்.

சனிக்கிழமை மாலை. சம்பள நேரம், கடையில் நல்ல கூட்டம். புதிய ஆள் ஒருவர் பொன்னி அரிசி இரண்டு சிப்பம், 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று எடுத்தார். மொத்தம் 5,240 ரூபாய். செல்போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை நிற டிக், கடைப் பெயர், தொகை எல்லாம் சரியாக இருந்தன. இவரும் தலையை ஆட்டிவிட்டார். இரவு கணக்குப் பார்க்கும்போது அந்தத் தொகை வரவில்லை. அதே ஆள் மதியம் வந்து 40 ரூபாய்க்குப் பிஸ்கட் வாங்கியது மட்டும் வரவாகியிருந்தது.

அவர் எப்படிச் செய்தார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் செய்யக்கூடிய வழி நமக்கு இப்போது புரியும். 40 ரூபாய் கட்டிய திரையைப் படம் எடுத்துக்கொள்வது. தொகை இருக்கும் இடத்தின் மேல் அதே நிறத்தில் ஓர் அடுக்கு. அதற்கு மேல் புதிய தொகை ஓர் அடுக்கு. நேரத்துக்கு ஓர் அடுக்கு. அழுத்திச் சேமித்தால் ஒரே படம். இப்போது இதற்கென்றே போலிச் செயலிகளும் இருக்கின்றன, கத்தரி ஒட்டு வேலைகூட வேண்டாம்.

ஒட்டுப் படத்தைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. எண்களின் தடிமன் மாறும். திரையின் உச்சியில் காட்டும் மணியும் பணம் கட்டிய மணியும் பொருந்தாது. மனிதர் படம் என்றால் வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் தப்பான பக்கமும் விழும், விளிம்பு கத்தரித்தது போல இருக்கும். ஆனால் இதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தவறுகளும் குறைந்துவருகின்றன. கூட்ட நேரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே நாம் செய்ய வேண்டியது வேறு.

வாடிக்கையாளர் செல்போனைப் பார்க்காதீர்கள், உங்கள் செல்போனைப் பாருங்கள். நம் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ வரவு தெரிந்தால்தான் பணம் வந்ததாக அர்த்தம். தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி வைத்தால் கூட்டத்திலும் காதில் விழும். அது சொல்லாவிட்டால் சரக்கு நகரக்கூடாது. குறுஞ்செய்தியையும் அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண செல்போன் நம்பரிலிருந்து வந்து வங்கி அனுப்பியது போல நடிக்கும் செய்திகளும் உண்டு.

நிஜமான காகிதத்திலும் லேயர் வைக்கிறார்கள். நம் கடையின் க்யூஆர் அட்டை மேல், இரவில் யாரோ தன் க்யூஆர் ஸ்டிக்கரை அதே அளவில் ஒட்டிவிட்டுப் போவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வாடிக்கையாளர் நேர்மையாகக் கட்டுவார், பணம் வேறு யாருக்கோ போகும். தினமும் கடை திறந்து விளக்கேற்றியதும், நம் அட்டையை நாமே ஒருமுறை ஸ்கேன் செய்து நம் பெயர் வருகிறதா என்று பாருங்கள். விரலால் ஓரத்தைத் தடவினால் ஸ்டிக்கர் தட்டுப்படும். அட்டையை வெளிச் சுவரில் ஒட்டாமல், கல்லாவுக்குப் பக்கத்தில் கண் பார்வையில் வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் பதியுங்கள். நம் பணம் இணைய வழியில் வேறு கணக்குக்குப் போயிருந்தால், தாமதமின்றிச் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. கேமரா பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றும் நோக்கத்தோடு போலி மின்னணுப் பதிவு உருவாக்குவதும் குற்றம்தான்.

அந்தச் சில்லறைக் கடைக்காரரும் முதலில் வெளியே சொல்ல மறுத்தார். "ஊர் சிரிக்கும் ஐயா" என்றார். "நீங்கள் சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் தப்பிப்பார்" என்றேன். அன்று மாலையே அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அவரே போய்ச் சொன்னார். அவர் பாக்கிக்கு நான் மூன்று வாரம் தவணை கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தீர்த்துவிட்டார்.

முடிவாக

கத்தி காய் நறுக்கவும் ஆகும், கையை வெட்டவும் ஆகும். லேயரும் அப்படியே. நம் விளம்பரத்தை அழகாக்க அதைப் பயன்படுத்துவோம். அடுக்குள்ள பைலைக் கேட்டு வாங்குவோம். சரக்குக்கும் படத்துக்கும் பொருத்தம் பார்ப்போம். சங்கத்தின் பழைய படங்களை உள்ளபடியே பாதுகாப்போம். பணம் என்று வரும்போது படத்தை நம்பாமல் கணக்கை நம்புவோம்.

அந்த விழா மலர் இன்றும் என் கல்லாவில் இருக்கிறது. ஒன்பது பேர் நாற்காலியில், ஒருவர் வட்டத்துக்குள். கடைக்கு வரும் இளைஞர்கள், "இவர் ஏன் தனியாக இருக்கிறார்?" என்று கேட்பார்கள். அன்றைக்கு அவர் கொள்முதலுக்குப் போயிருந்தார் என்று சொல்வேன். அப்படியே அவர் கதை முழுவதையும் சொல்லிவிடுவேன். நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.